ஆறாம் பேனரில் மஞ்சள் படப்பு

1983 ஜூலை 11, திங்கட்கிழமை. காலை மணி பத்து நாற்பது. மேற்கே மலைப்பக்கம் மேகம் திரண்டு நிற்கிறது. சங்கரன்கோவிலுக்குள் வந்து சேர்ந்தது காற்றும் தூசியும் மட்டும். மழை ஒரு சொட்டுக்கூட இல்லை.

இத்தனை துல்லியம் எதற்கு என்று கேட்கிறீர்களா? எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்கு அது தெரியும். ஆனால் இந்த ஒரு மணிக்கணக்கை மறந்துபோனால் நன்றாக இருக்கும்... மறக்க மாட்டேன் என்கிறது.

அந்த நேரத்தில்தான் சண்முகத்தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடவே அவள் அப்பா கோமதிநாயகம். மெட்ராஸ் ரயிலை விட்டு இறங்கி நேரே வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் முகத்திலும் ரயில் கரி. அவள் கையில் சுருட்டிய படக்கட்டு. அதில் பன்னிரண்டு படங்கள் என்பது எனக்குத் தெரியும். அடுக்கிக் கட்டிக் கொடுத்ததே நான்தான்.

"சீட்டு கெடைக்கல சார்வாள்" என்றார் கோமதிநாயகம்.

அவ்வளவுதான். அந்த மூன்று சொற்களில் ஒரு பெண்ணின் படிப்பு முடிந்துபோனது.

விவரம் சொல்கிறேன். இவர்கள் திருவேங்கடத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். கரிசல் காடு, வானம் பார்த்த வெள்ளாமை. மகள் பிளஸ் டூ முடித்தாள். படம் வரைவாள். நான் பார்த்த பிள்ளைகளில் கண்ணால் பார்த்ததைக் கையில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் நான்கே பேர். அவள் நான்காவது. மெட்ராஸில் ஓவியக் கல்லூரிக்கு மனுப் போடலாம் என்று சொன்னதும் நான்தான். அப்பா நான்கு நாள் யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்:

"ஒரே ஒரு தடவ, சார்வாள். கெடச்சா படிக்கட்டும். கெடைக்கலன்னா ஆவணியில கல்யாணம். எங்க மச்சான் மவன் காத்துக் கெடக்கான். அவுகளுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்."

நான் சிரித்தேன். கிடைக்காமல் எங்கே போகும்? வரைவது கைவசம். நேர்முகத்தில் கலை வரலாறு கேட்பார்களே என்றால், அதுவும் கைவசம். நான் சொல்லிக்கொடுத்தது ஆயிற்றே!

இங்கேதான் என் கதை வருகிறது.

இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எனக்கு விட்டுக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. பரீட்சைக்கு வராத பாடம் என்பதால் யாருக்கும் ஆட்சேபமும் கிடையாது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு ஓவிய இயக்கங்களைச் சொல்லிக்கொடுத்தேன். மறுமலர்ச்சியில் தொடங்கி சர்ரியலிசம் வரை ஒன்பது. என்னிடம் இருந்ததோ ஒரே புத்தகம். மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அறுபத்து நான்கு படங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எல்லாமே கறுப்பு வெள்ளை.

கடைசி பெஞ்சுக்கு எப்படித் தெரியும்? சினிமாக் கொட்டகைக்கு பேனர் எழுதும் மாடசாமியைப் பிடித்தேன். சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, இருபது அடிக்கு முகத்தை ஏற்றுகிறவன். கறுப்பு வெள்ளை ஸ்டில்லைக் கொடுத்தால் கலரை அவனே முடிவு செய்வான். ஊரில் நடிகர் நடிகையர் எல்லோருக்கும் சட்டை, சேலைக் கலர் தீர்மானித்தது அவன்தான்.

ஒன்பது இயக்கத்துக்கு ஒன்பது பேனர் அடித்துக் கொடுத்தான். க்யூபிச முகத்தைக் கொண்டுவந்து விரித்தபோது, "மூக்கு கோணலா கெடந்துச்சு சார்வாள். நேராக்கிட்டேன்" என்றான். திட்டி, திரும்பவும் கோணலாக்க வைத்தேன். மூக்கு கோணலாக இருப்பது கறுப்பு வெள்ளையிலும் தெரிகிறதே!

ஆறாவது பேனர் இம்ப்ரெஷனிசம். வயலில் ஒரு வைக்கோல் போர், எங்கள் பக்கத்தில் படப்பு என்போம், அதன் நிழல். அந்த ஓவியர்கள் நிழலைக் கறுப்பாகப் போட மாட்டார்கள், ஊதா, நீலம் எல்லாம் வரும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. மாடசாமியிடம் சொன்னேன்.

அவன் பிரஷைக் கீழே வைத்துவிட்டான். "படப்பு மஞ்ச. நெழலு கருப்பு. ஊதாவுல நெழல் உண்டா சார்வாள்? நீங்க எங்கனயாச்சும் பாத்திருக்கியளா?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறான்..."

"போட்டவன இங்கன வந்து பாக்கச் சொல்லுங்க. ஊதா அடிச்சா, மழையில பேனரு சாயம் போயிட்டுன்னு சிரிப்பாவ."

சிரிப்பார்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் பார்த்திருக்கிறேனா? இல்லை. மூலப்படத்தையும் பார்க்கவில்லை. ராயகிரிப் பாதையில் நூறு படப்பைக் கடந்து போயிருப்பேன். அவற்றின் நிழலையும் பார்க்கவில்லை. "சரி, மஞ்சளே அடி" என்றேன். பளிச்சென்று மஞ்சள் அடித்தான். மேலே பால் நீலத்தில் வானம். தரையில் தார் ஊற்றியது போல நிழல். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. மூன்று வருஷம், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அந்தப் பேனரைக் காட்டினேன்.

இப்போது நேர்முகத்துக்கு வருவோம். என் வீட்டுக்குள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சண்முகத்தாய் சொன்னது இது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். படக்கட்டைப் பார்த்து ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்களாம். இம்ப்ரெஷனிசம் என்றால் என்ன என்று கேட்டார்கள். "மனசுக்குத் தெரிஞ்சதை வரையாம, கண்ணுக்குத் தெரியிறதை வரையிறது" என்றாள். என் வாக்கியம். வரிசை பிசகாமல் சொல்லியிருக்கிறாள். அவர்கள் தலையாட்டிவிட்டு ஒரு கலர்ப்படத்தை எடுத்து முன்னால் வைத்தார்கள். இது எந்த இயக்கம்?

அந்தப் படம்தான். அதே வயல், அதே படப்பு. ஆனால் படப்பு ரோஸும் ஆரஞ்சுமாக எரிகிறது. நிழல் ஊதா.

"நான் சொல்லிட்டேன் சார்வாள்..." என்றாள். "இது அந்தப் படம் இல்ல, யாரோ படிக்கிற பிள்ள பாத்து வரஞ்சு கலரைக் கெடுத்திருக்குன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"நல்லாப் பாத்துச் சொல்லும்மான்னாவ. ரெண்டு தடவ கேட்டாவ. எங்க சார்வாள் பெருசாவே காட்டிருக்காவ, படப்பு மஞ்சதான்னு அடிச்சுச் சொன்னேன். அதுக்குமேல அவுக ஒண்ணும் கேக்கல."

சாயங்காலம் பலகையில் ஒட்டிய பட்டியலில் நாற்பது பேர். நான்கு தடவை படித்துப் பார்த்தாளாம்.

கோமதிநாயகம் என்னைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் வெளங்காது. அவ சொன்னது சரியா, தப்பா சார்வாள்?"

"அவள் சொன்னது நான் சொன்னது. தப்பு என்னுடையது."

மனிதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்... எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எட்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒன்பதாம் நாள் பஸ் பிடித்துப் போனேன். அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதட்டும், நானே மெட்ராஸுக்குக் கூட்டிப்போகிறேன், அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் நானே தப்பை ஒப்புக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். வயசான காலத்தில் இப்படிக் கெஞ்சுவேன் என்று நினைத்ததில்லை.

கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தப்பு ஆருதா இருந்தா என்ன சார்வாள்? நான் ஒரு தடவன்னு சொன்னேன். அவளும் சரின்னா. மச்சான்கிட்ட போயி, வாத்தியார் கலரைத் தப்பாச் சொல்லிட்டாவ, ஒரு வருசம் பொறுங்கன்னா, காறித் துப்ப மாட்டாவளா?"

சிரிப்புக்குப் பயந்து மஞ்சள் அடித்தவன், துப்பலுக்குப் பயப்படுகிறவரை என்ன கேட்க முடியும்?

கிளம்பும்போது மணி ஆறு பத்து. சண்முகத்தாய் பஸ் ஏற்றிவிட வந்தாள். களத்து ஓரத்தில் அவர்கள் வீட்டுச் சோளத்தட்டைப் படப்பு. பொழுது சாய்கிற வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது. அவள் நின்றாள்.

"பாருங்க சார்வாள்."

பார்த்தேன். ரோஸும் ஆரஞ்சுமாக இருந்தது. கரிசல் மண்ணில் நீண்டு கிடந்த நிழல் சுத்தமான ஊதா.

"பொறந்ததுல இருந்து எங்க படப்பு இங்கனதான் கெடக்கு. நாந்தான் பாக்கல" என்றாள்.

அவளா பார்க்கவில்லை? அவளைப் பார்க்க விடாமல் முன்னால் ஒரு பேனரைக் கட்டித் தொங்கவிட்டவன் நான். கண்ணுக்குத் தெரிவதை வரையுங்கள் என்று வாயால் சொல்லிக்கொண்டே... இருநூற்றுப் பதின்மூன்றாவதாக என் கண்ணையும் சேர்த்து மறைத்துக்கொண்டேன். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் தப்பை எழுதி, மார்க் இழப்பது எப்போதும் இன்னொருவர்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை போவதை நிறுத்தினேன். கணக்கு வாத்தியார் அந்தப் பீரியடை எடுத்துக்கொண்டார். ஏன் வரவில்லை என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. பேனர்களை மாடசாமியே எடுத்துப் போனான். துணி நல்ல கெட்டித் துணி, மேலே வெள்ளை அடித்துவிட்டு வேறு எழுதலாமாம்.

ஆவணியில் கல்யாணம். காலை மணி ஏழு இருபது. வெயில் இன்னும் ஏறவில்லை. பந்தல் வாசலில் மணமக்கள் பெயர் எழுதிய பெரிய துணித்தட்டி. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாடசாமி. ஓரத்தில் வெள்ளைக்கு அடியில் லேசாக மஞ்சள் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

சண்முகத்தாய் மணவறையில் தலை குனிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வரும்போது மொய் நோட்டோடு இருந்தவர் நிமிர்ந்தார். "சார்வாள், எம்புட்டு எழுதட்டும்?"

மெட்ராஸுக்கு அவர்கள் போய்வந்த ரயில் செலவு கோமதிநாயகத்தினுடையது. போன படிப்பு அவளுடையது. இந்த விவகாரத்தில் எனக்கு ஆன செலவு, மொய் நோட்டில் எழுதியபடி சொன்னால், ஐம்பத்தொரு ரூபாய்.