ஹந்தானை ஓடையின் நீர்மட்டம்

1984 பெப்ரவரி, சனிக்கிழமை, காலை 7.10. கண்டி புகையிரத நிலையத்துக்கு எதிரே ஒரு வாடகைக் காரைப் பிடித்து ஹந்தானைக்குப் புறப்பட்டோம். தூரம் மூன்று மைலுக்குச் சற்றுக் கூட. காத்திருப்புடன் போய்வர அறுபது ரூபாய்.

என்னோடு வந்தவர் நண்பர் சிவபாலன், பொறியியலாளர். அனல் மின்நிலையமொன்றில் எட்டு வருடம் எண்ணெய் எரித்து, அது வெறுத்துப்போய்ப் பேராதனைக்கு ஆராய்ச்சிக்கு வந்தவர். மலை ஓடைத் தண்ணீரைக் கொண்டே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களுக்கு விளக்கேற்றலாமா என்பது அவர் ஆராய்ச்சி. அதற்கு ஓடையின் நீர்மட்டம் ஒரு வருடத்துக்கு, ஒரு நாளும் விடாமல், ஒரு கொப்பியில் பதிவாக வேண்டும். போன வருட ஜூலைக் கலவரத்தில் அகதி முகாமுக்கும் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் போனவர் இந்த வாரந்தான் திரும்பினார். கலவர நாட்களில் யாரும் ஓடைப் பக்கம் போயிருக்கமாட்டார்கள் என்பது அவர் பயம். சட்டைப் பையில் வளைகுடா எண்ணெய்க் கம்பனியொன்றின் வேலைக் கடிதம். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

"கொப்பி முழுசா இருந்தா நிண்டு முடிப்பன். இல்லாட்டி அவங்களுக்கு ஓம் எண்டு எழுதிப் போடுவன்," என்றார். "எண்ணெயை மிச்சம் பிடிக்கப் படிச்சவனை எண்ணெய்க்காரரே கூப்பிடுகினம். பாரும் கூத்தை!"

"சேர், டவுன் தாண்டும் மட்டும் மெதுவாப் பேசுங்க," என்றார் சாரதி நஸீர். "ரோட்டுல நிக்கிறவனுக்குத் தமிழ்னு விளங்கப்படாது."

கரி படிந்த கடைச் சுவர்கள் அப்படியே நின்றன. கூரையில்லாத ஒரு கடைக்குள் யாரோ வாழைக்குலை தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

7.45. பாதை முடிந்த இடத்திலிருந்து பத்து நிமிட நடை. லயத்து வாசலில் மாரியாயி நின்றாள். கொழுந்து பறிப்பவள், தினமும் வேலைக்குப் போகுமுன் ஓடையில் நட்ட அளவுக் கம்பைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பவள்.

"வாங்க சார், வாங்க! செத்துட்டீங்கன்னுல்ல நெனச்சோம்!"

"சாகேல்லை, மாரியாயி. கொப்பி எங்க?"

"எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கொப்பியாம்!"

அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள். சிவபாலன் ஜூலையைத் தேடிப் புரட்டினார். நாளுக்கு ஒரு வரியாக வந்த கொப்பி, அந்த மாதக் கடைசி வாரத்தில் பக்கம் கொள்ளாமல் நிறைந்திருந்தது. காலை, மத்தியானம், பின்னேரம் என்று வரி வரியாக அங்குலக் கணக்கு.

"ஒருக்காத்தானே குறிக்கச் சொன்னனான்?"

"கீழ ரோட்டுல ஆளுக வந்தாங்க சார். லயமே பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடைக்குள்ள எறங்கிருச்சு. தண்ணி எரைச்சல்ல பிள்ளைக அழுகுறது வெளிய கேக்காதுல்ல? ஆறு நாள் அங்கனதான் கெடந்தோம். கம்பு கண்ணு முன்னாடி நின்னுச்சு. வேற என்ன செய்ய? குறிச்சேன்."

அவர் கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தார். அன்று காலை மட்டமும் இருந்தது. ஒரு நாளும் விடுபடவில்லை.

"நிக்கிறன்," என்று என்னிடம் சொன்னார். முகாமிலிருந்து வந்தபின் அவர் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். மாரியாயியிடம், "லயத்தில முதல் லைற் எந்த வீட்டுக் காம்பராவுக்குப் போடுவம்?" என்றார்.

அவள் வாசலை விட்டு ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் பாய்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. வரிசையில் மற்றக் கதவுகளுக்கெல்லாம் குறுக்கே பலகை அடித்திருந்தது.

"எங்களுக்கும் இந்தியா போற கப்பல் வந்துருச்சு சார். புதன்கெழமை விடியக் காலையில தலைமன்னாருக்குக் கெளம்பணும். மத்தவங்க போன மாசமே போயிட்டாங்க. பாதிப் பேரு இந்தியா, பாதிப் பேரு வடக்க வவுனியா. இங்க யாரும் இல்ல."

"இந்தியாவில ஆர் இருக்கினம்?"

"தாத்தாவோட ஊர்ப் பேரு பாஸ்போட்டுல இருக்கு. அவ்வளவுதான்."

சிவபாலன் கொப்பியை மூடினார். புறப்படும்போது அவள்தான் கேட்டாள்: "புதன் வரைக்கும் இருக்கேனே சார், ஒரு தாள் கிழிச்சுக் குடுங்க. குறிச்சுத் தபால்ல போடுறேன்." கிழித்துக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் என் யாழ்ப்பாண முகவரியை எழுதினேன்.

9.50, கண்டி. சிவபாலன் கம்பனிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே தபால் நிலையத்துக்குள் போனார். கொப்பி என் மடியில் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் ஓடை கிடையாது. கிணற்றுத் தண்ணீருக்குப் பிள்ளையின் அழுகையை மறைக்கும் இரைச்சல் இல்லை. ஊர் வந்து சேர்ந்த பிறகும் இந்த நினைப்பு விடவில்லை.

மார்ச் நடுவில், இந்தியாவின் மண்டபம் தபால் முத்திரையுடன் அந்தத் தாள் வந்தது. சிவபாலன் அதற்குள் வளைகுடா போயிருந்தார். ஞாயிறு, திங்கள், செவ்வாய்: காலை ஆறு மணி. புதன்: விடியுமுன் நாலரை மணி, மூன்றே கால் அங்குலம்.