குழலில் ஒட்டியிருந்த தோல்

மாலை ஐந்து இருபத்தைந்துக்குச் சபா அரங்கின் பின்னறையில் என் மகளின் குழலைத் துடைத்தேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான். சீன மூங்கில் குழல் அது. ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை. அதன் மேல் வெங்காயச் சருகு போல ஏதோ சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையேறப் போகிற குழலில் இப்படி ஓர் அழுக்கா என்று கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன். புடவை மாற்றிக்கொண்டு வந்த மகள் என் நகத்தைப் பார்த்தாள், குழலைப் பார்த்தாள். "அம்மா, அதுலதாம்மா சத்தமே இருக்கு" என்றாள்.

நாணல் தண்டின் உள்தோல் அது. அது அதிர்ந்தால்தான் அந்தக் குழலுக்குரிய ரீங்காரம் வருமாம். மாற்றுத் தோல் இரண்டு வைத்திருந்தாள். ஒட்டத்தான் வழியில்லை, பூண்டை நறுக்கித் துளையைச் சுற்றித் தேய்த்து, அந்தச் சாற்றில் ஒட்ட வேண்டும். இதை எப்போதும் கல்லூரித் தோழியின் விடுதி அறையில் செய்திருக்கிறாள். செம்பூரில் எங்கள் வீட்டுக்குள் பூண்டு வந்ததே இல்லை. அதனால் எட்டு மாதம் அவள் வாசிப்பைக் கேட்டும் எனக்கு இது தெரியாது. சபா அலுவலக அறையிலிருந்த கோந்தைத் தடவிப் பார்த்தோம். ஒரு தோல் நனைந்து கிழிந்தது. மிச்சம் ஒன்று. ஆறரைக்குச் சீன வாத்தியக் கச்சேரி. கல்லூரிக் குழுவில் குழல் அவள் மட்டும்தான். தொடக்கமே அவளுடைய தனி வாசிப்பு. மாட்டுங்கா சபா அரங்கைச் சொல்லிவைத்து வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

வெளியே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். காய்கறிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கணவர் சயானில் நின்றுபோன ரயிலிலிருந்து, "வண்டி நகரலை, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். மிச்சமிருந்தது அரங்கின் பின்னால் கான்டீன் மாமாதான். நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து எனக்கு இட்லி போட்டவர். இரண்டாம் முறை சட்னி கேட்டால் முறைப்பவர். என் நகம் செய்த வேலையைச் சொல்லி அவரிடம் பூண்டு கேட்டேன்.

"பூண்டா? என் அடுக்களையிலயா? நாப்பது வருஷமா இந்த வாசப்படி தாண்டினதில்லை. பெருங்காயம் தரட்டுமா?"

"மாமா, விளையாடாதீங்கோ. கொழந்தை வாசிக்கணும்."

"நாத்தமில்லாத வாத்தியமா ஒண்ணு கத்துக்கப்படாதோ அவ?"

"உங்க ஆசாரத்தை நீங்களே கட்டிண்டு அழுங்கோ" என்று கத்தினேன். என் வீட்டு வழக்கமும் அதேதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும் என்று நினைத்தேன். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் மகள் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் நாலு தடவை மணி பார்த்தேன், அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இப்போது அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். குழல் பெட்டியில் எப்போதும் ஒரு பல் பூண்டு கிடக்கும். செம்பூருக்கு வரும்போதும் அதை வெளியே எடுத்து வைப்பதில்லை, நானும் சொல்வதில்லை. கான்டீனை வேறு யாரோ நடத்துகிறார்கள், அங்கே பூண்டுச் சட்னியே கிடைக்கிறது. மாமா ஊரோடு போய்விட்டார். அன்று கத்தியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே விட்டுவிட்டேன் என்பது பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

அன்று ஆறு இருபதுக்குப் பின்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தொடைவரை நனைந்து, மாமா வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கை இறுக மூடியிருந்தது.

"நம்ம பாத்திரம் தேய்க்கற அம்மா வீட்டுக்கு, லேபர் கேம்ப் குடிசைங்க வரைக்கும் போய் வாங்கிண்டு வந்தேன். இது உள்ளே வராது. கொழந்தையை இங்கே வரச் சொல்லு, நான் குடை பிடிக்கறேன். ஒட்டிட்டு, கையை அலம்பிண்டு போகட்டும்."

குழலை எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன்.

"நீ அதைத் தொடாதே" என்றார்.