துடைத்து எடுத்த பாட்டு

இருபத்தாறு வருடமாகச் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், தெப்ராவில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சாமி பாட்டு, கல்யாண வீடியோவுக்குக் குரல், சப்பாத்துக் கடை விளம்பரம், எல்லாம் பார்த்தாயிற்று. இடது காதில் ஓயாத ரீங்காரம். அலுத்துவிட்டது. இருந்தாலும் மிக்சிங் கற்கும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிறு மதியம் மாலதி தன் குழுவோடு வந்தாள். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவள். கன்ட்ரி, புளூஸ், பங்க் மூன்றையும் ஒன்றாகப் போட்டு அடிக்கிற குழு. வானொலி சீண்டாது, கடைவீட்டு மாடிகளில் ஆட்கள் நின்றுகொண்டே கேட்பார்கள். கிட்டார் வாசிக்கும் ஜோசப் மறுநாள் நியூசிலாந்துக்குக் குடிபோகிறான். நால்வரும் சேர்ந்து வாசிக்கும் கடைசிப் பாட்டு அது.

"அண்ணே, தனித்தனியா வேணாம். நாலு பேரும் ஒரே ரூம்ல, ஒரே டேக். போதும்" என்றாள் மாலதி.

வாசித்தார்கள். டிரம் முந்தி ஓடியது. ஜோசப் கம்பியில் ஸ்லைடுக் குழாயை இழுக்கும்போதெல்லாம் கீறல் சத்தம். கடைசி வரியில் மாலதியின் குரல் உடைந்தது.

சுத்தமாக இருந்தால்தான் சாமி பாட்டுக்காரர்கள் மெச்சுவார்கள். அந்தப் பழக்கத்தில் டிரம் அடிகளைக் கணினியின் தாளக் கட்டத்தில், கிரிட்டில், ஒட்டினேன், கீறலை எடுத்தேன், உடைந்த குரலைச் சுருதிக்கு டியூன் செய்தேன். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழுந்திருந்ததால் மூன்று நாள் பிடித்தது. முடிந்ததும் வழக்கம்போல, டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று அசல் டேக்கை அழித்தேன்.

மாலதி வந்து பாட்டைப் போட்டுக் கேட்டாள்.

"அலமாக்! இது யாருண்ணே பாடுறது?"

"நீதாம்மா."

"நான் இல்ல. அந்த எடத்துல எனக்கு அழுகை வந்துச்சு. அத எங்க போட்டீங்க? பழச போடுங்க."

அழித்துவிட்டதைச் சொன்னேன். அவள் தன் கைப்பேசியை எடுத்தாள்.

நல்லவேளை, அன்று டிரம் பக்கத்தில் வைத்திருந்த அதிலும் பதிவு ஓடியிருந்தது. பாதி நேரம் ஒலி பிசிறியது. அதையே வெளியிடப்போவதாகச் சொன்னாள்.

"அந்தப் பிசிறையாவது கொஞ்சம் எடுக்கட்டுமா?" என்றேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

"நீங்க தொடாதீங்க லா."

இப்போதெல்லாம் அசலை இரண்டு டிஸ்க்கில் வைக்கிறேன். எதை விட்டுவைக்க வேண்டும் என்று பாடியவரிடம் கேட்ட பிறகே ஹெட்போனை மாட்டுகிறேன். அவள் வெளியிட்ட அந்தப் பாட்டை அவ்வப்போது போட்டுக் கேட்பதுண்டு. மாலதியின் குரல் உடையும் இடத்தில் என் கை இன்னும் மவுஸைத் தேடிப் போகிறது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.