மெதுவாய் இறங்கிய உப்புநீர்

நான்கைந்து வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்காக வத்தலக்குண்டிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனபோது நடந்தது இது. என் கணவருக்கு வடக்கே ஒரு மில்லில் வேலை. வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஊர்ப்பக்கமே வேலை அமைய வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டு, அங்கிருக்கும்போதே பல வாரங்களாக உப்பில்லாமல் சாப்பிட்டு வந்தார். பழனி முடிந்ததும், மீதி லீவுக்கு, மலைமேல் ஏரியோரம் இருக்கும் கூக்கால் கிராமத்தில் என் அக்கா வீட்டில் தங்குவதாகத் திட்டம். அந்த ஏரிக்கரையில் அவரோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

வெயிலில் நடந்துகொண்டே, வழியில் கொடுத்த தண்ணீரையெல்லாம் வாங்கி வாங்கிக் குடித்தார். கன்னிவாடி தாண்டியதும் கால் பின்னியது. கையைப் பிடித்த என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில், "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வந்துரும்" என்று கெஞ்சினேன். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா மறுத்துவிட்டார்.

"உப்பே சேர்க்காம தண்ணியாக் குடிச்சு, ரத்தத்துல உப்பு ரொம்பக் கொறைஞ்சு கெடக்கும்மா. குளுக்கோஸ்ல உள்ள சர்க்கரைய உடம்பு எடுத்துக்கிட்டா மிச்சம் வெறும் தண்ணிதான். அது செல்லுக்குள்ள பூந்து ஊத வச்சுரும். ரத்த அணுவ வெறும் தண்ணியில போட்டா ஊறி வெடிச்சே போகும். மூளை வீங்குனா மண்டைக்குள்ள எடமேது?"

உப்புநீர்தான் ஏற்றினார்கள். அதுவும் சொட்டுச் சொட்டாக. இங்கே லீவு கரைகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் வெரசா விடக் கூடாதா?" என்று நர்ஸை நச்சரித்தேன்.

"கூடாதுக்கா. கொறைஞ்ச உப்புக்கு மூளை பழகிக் கெடக்கு. சட்டுனு ஏத்துனா செல்லுல இருக்குற தண்ணி வெளிய வந்து, செல்லு சுருங்கி வீணாப் போயிரும். அப்புறம் அண்ணன் எந்திரிச்சு நடக்குறதே கஷ்டம்."

கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன். மறுநாள் என் பெயரைச் சொன்னார். வார்டு என்றும் பாராமல் அழுதேன். அப்புறம் சொட்டு இறங்கிய நாளெல்லாம் பேசினோம், பேசிக்கொண்டே இருந்தோம். போனில் எப்போதும் பிள்ளைகள் படிப்பும் கேஸ் சிலிண்டரும்தான். இந்த வார்டில்தான் வடக்கே அவர் தங்கும் அறை, அங்கே பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை எல்லாம் எனக்குத் தெரிய வந்தது. ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டார்: "நான் இல்லாதப்ப கட்டில்ல எந்தப் பக்கம் படுப்ப?"

"உங்க பக்கந்தான்" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

வீடு திரும்பியபோது லீவு முடிந்திருந்தது. கூக்கால் போகவில்லை. வேலையும் இன்னும் வடக்கேதான். அவர் பிழைத்து வந்ததே பெரிது என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் போனில் அவர் "வச்சிரட்டா?" என்று கேட்கும்போதெல்லாம், அந்தச் சொட்டு இன்னும் கொஞ்சம் மெதுவாக இறங்கியிருக்கக் கூடாதா என்று என் மனசு ஏங்குகிறது.