வலது காலுக்குக் கொஞ்சம் உயரம்

போன மாதம் ஒரு மத்தியானம். மில்லில் நின்றுபோன மெஷின் ஒன்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து பேரிங் கழற்றிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. பேசியது எபி, மைக் செட் பொன்ராஜ் அண்ணாச்சியின் மைத்துனன்.

"அண்ணே, அத்தான் போயிட்டாவ."

படுத்த வாக்கிலேயே நான் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தாவளா?"

"விழலண்ணே. காய்ச்சல். ஆஸ்பத்திரியில வெச்சுதான்..."

அன்றைக்கு அவனிடம் பேசிய எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்களாம். அவர் செத்துப்போனதைவிட விழாமல் செத்துப்போனதுதான் எங்களுக்கெல்லாம் நம்ப முடியாத செய்தி. அஞ்சலி எழுதி எனக்குப் பழக்கமில்லை. அடைமொழி போட்டுப் புகழவும் வராது. அவர் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

கடம்பூர், புதூர், குளத்தூர் பக்கம் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. குரல் தெரியும். கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, சடங்கு வீடு, இழவு வீடு எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். ஒரு சாவுச் செய்தியை அவர் வாசித்தால், செத்தவர் யாரென்றே தெரியாத ஆள்கூடச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வருவார். அப்படி ஒரு குரல். சின்ன வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பி, இடது காலைவிடக் கட்டையாக நின்றுவிட்டது. அந்தக் காலுக்கு மட்டும் டயர் ரப்பரை அடுக்கி உயரமாகத் தைத்த செருப்பு, கையில் ஊன்றுகம்பு. பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தோளில்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். வளர்ந்த பிறகும் போகிற ஊரிலெல்லாம் யாராவது ஓடிவந்து தூக்கப் பார்ப்பார்கள். அது மட்டும் அவருக்குப் பிடிக்காது.

"மனுசன ரெண்டு தடவைதாம்ல தூக்கணும். பொறந்தப்ப ஒண்ணு, போறப்ப ஒண்ணு. நடுவுல தூக்குனா அது மூட்டை" என்பார்.

அதற்காகத்தான் வண்டி வாங்கினார். பழைய டூ ஸ்ட்ரோக், நூறு சி.சி. நான் டிப்ளமா முடித்துக் கோவில்பட்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, தொண்ணூறுகளின் கடைசி. பட்டறை வாசலில் அந்த வண்டியை அவர் ஸ்டார்ட் செய்ததை முதன்முதலாகப் பார்த்தபோது கையில் இருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டேன். கிக்கரைக் கையால் அழுத்தினார். ஒரே அழுத்து. வண்டி பிடித்துக்கொண்டது. காலால் உதைத்தே திணறுகிற வண்டி அது. பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "அது வண்டியா, தொட்டிலாலே?" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'டிப்ளமா'.

சிக்கல் பிரேக்கில் இருந்தது. பின் பிரேக்கை வலது காலால் மிதிக்க வேண்டும். அவருக்கு அந்தக் கால் மிதிக்காது. மிச்சம் இருப்பது கையால் பிடிக்கிற முன் பிரேக் ஒன்றுதான். பின் பிரேக்கை இடது கைக்குக் கொண்டுவந்து ஒரு லிவர் வைத்துக் கொடுத்தேன். கிளட்சும் பிரேக்கும் ஒரே கையில் குழம்புகிறது என்று அடுத்த வாரமே கழற்ற வைத்தார். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் பாரமெல்லாம் முன்னால் வந்து விழும். டாங்க் மேல் ஆம்பிளிபயர் வேறு. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க் குழாய்களின் ஸ்பிரிங் பழசு. பிடித்த உடனே கடைசிவரை இறங்கி 'டக்' என்று முட்டும். முட்டிய பிறகு சக்கரம் தரையில் பாவாது. கரிசல் காய்ந்து பொடியாகக் கிடக்கிற பாதையில் அப்புறம் ஆளும் வண்டியும் கீழேதான்.

அப்படி விழுந்து முழங்கை உரிந்து வந்த மறுநாள் அவர் மனைவி எஸ்தர் மதினியும் பட்டறைக்கு வந்தார்கள்.

"தம்பி, இது ரெண்டாந்தடவ. இன்னொரு தடவ விழுந்தாவன்னா வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுருவேன். ஆர்.சி. புக்கு என் பேர்லதான் இருக்கு."

"கேட்டியாலே டிப்ளமா? கிழட்டு மாட்டுக்கு வெல சொல்லுத மாதிரி சொல்லுதா." சிரித்தபடிதான் சொன்னார். மதினி வெளியே போனதும் குரல் இறங்கிவிட்டது. "என்னமாவது செய்லே. வண்டி போச்சுன்னா நான் மறுபடி மூட்டை."

அந்த மாடலுக்குப் புது ஸ்பிரிங் கிடைக்கவில்லை. வேறு வழி ஒன்று உண்டு. ஃபோர்க் குழாயின் தலையில் இருக்கிற மூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங் நிற்கும். அதற்கும் மூடிக்கும் நடுவே ஒரு குழாய்த் துண்டை வைத்து மூடினால், பாரம் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி நிற்கும். ஸ்பிரிங் அதனால் கெட்டியாகிவிடாது. வண்டியின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும், முட்டுவதற்கு முன் இறங்க இடம் மிச்சம் இருக்கும். கனமான பி.வி.சி. பைப்பை லேத்தில் பிடித்து இரண்டு முனையும் சமமாகச் சீவினேன். மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர்.

மூடியைத் திரும்ப மாட்டுவதுதான் பாடு. ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தினேன், மரை பிடிக்கவில்லை. கோபத்தில் ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன்.

"தள்ளுலே."

கம்பு ஊன்றி ஊன்றி உரமேறிய கை. உள்ளங்கையை மூடியில் வைத்தார். அழுத்தினார், திருகினார், முடிந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "கால் சம்பளம் வாங்கிட்டு வீட்ல கெடக்கு. கை ரெண்டு வேலையும் பாக்குது" என்றார்.

முதலில் வைத்த துண்டு நீளம் கூடிப்போய், வண்டி கடா மாதிரித் துள்ளியது. குறைத்தேன். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, ஃபோர்க் குழாய் இரண்டிலும் தையல் நூல் கட்டினேன். ஃபோர்க் அமுங்கும்போது நூலை மேலே தள்ளிவிட்டுப் போகும். நூல் நின்ற இடம்தான் கணக்கு. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது சண்டை பிடித்தார்.

"வலது பக்கத் துண்டு கொஞ்சம் நீளமா இருக்கட்டும்லே."

"எதுக்கு?"

"வண்டி வலது பக்கம் தாழுது. எனக்குத் தெரியுது."

"தாழாது அண்ணாச்சி. ஃபோர்க்கோட ரெண்டு காலும் ஒரே ஆக்ஸில்ல மாட்டியிருக்கு. ஒண்ணு மட்டும் தனியா எப்படி இறங்கும்?"

செருப்பைக் கழற்றி லேத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இதத் தச்சவன் டிப்ளமா படிக்கல. எந்தக் கால் கட்டையோ அந்தக் காலுக்கு உயரம் வெச்சான். நேரா நடக்கேன். உனக்கு மட்டும் என்னலே ரெண்டு காலும் ஒண்ணு?"

"செருப்புக்குக் கால் தனித்தனி. வண்டிக்கு அப்படி இல்ல. நீங்க சொல்லுதது தப்பு."

பட்டறையில் நாலு பேர் இருக்கும்போதுதான் சொன்னேன். என் பேச்சு அப்படி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"சரி, என் இஷ்டப்படியே போடு. ஓட்டிப் பாப்போம். நூல் ரெண்டும் வேற வேற உயரத்துல நின்னா எனக்கு ஜெயம். ஒரே உயரத்துல நின்னா உனக்கு. தோத்தவன் மைக்ல சொல்லணும்."

அந்த வாரமே புதூர் தாண்டி ஒரு ஊரில் கோயில் கொடை. அவர் சொன்னபடி வலது பக்கம் நீளத் துண்டைப் போட்டுக் கிளம்பினோம். டாங்க் மேல் ஆம்பிளிபயர். பின்சீட்டில் நான், மடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர், முதுகில் ஒன்று. தார் ரோட்டை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், நடுவே வண்டித் தடம். உடைமர மறைவிலிருந்து ஓர் ஆட்டு மந்தை திடீரென்று பாதையில் பாய்ந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மதினி சொன்ன பழைய இரும்புக் கடைதான் மூடிய கண்ணுக்குள் தெரிந்தது. முன்னால் இருந்தவருடைய முதுகு அசையவில்லை. பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். ஒவ்வொரு பிடிக்கும் முன்பக்கம் இறங்கியது, முட்டாமல் எழுந்தது. 'டக்' என்ற அந்தச் சத்தம் வரவே இல்லை. கண்ணைத் திறந்தபோது இடது காலை ஊன்றி நேராக நின்றுகொண்டிருந்தார். முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு குட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏலே, மந்தைக்காரன் யாரு? உன் ஆடெல்லாம் அழைப்பிதழ் வெச்சாத்தான் வெலகுமோ?"

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "யாரு, மைக் செட் அண்ணாச்சியா? கொடைக்கா போறிய?" ஆளைப் பார்க்காமலே!

"எறங்கி நூலப் பாருலே" என்றார் என்னிடம். பார்த்தேன். இரண்டு நூலும் ஒரே உயரத்தில் நின்றன. அவரும் கம்பை ஊன்றி இறங்கிக் குனிந்தார். விரலை இந்தக் குழாயில் வைத்தார், அந்தக் குழாயில் வைத்தார். "ஆமா" என்றார். அதோடு ஏறி வண்டியைக் கிளப்பினார். இனி மைக்காவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்பீக்கரைக் கட்டி, வயர் இழுத்து, மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. கொடை விழாவின் முதல் அறிவிப்பு. வண்டி விஷயமாக, கோவில்பட்டி டிப்ளமா தம்பியோடு மைக் செட் பொன்ராஜ் வாதம் செய்தார். அந்த வாதத்தில் பொன்ராஜ் சொன்னது தப்பு. தம்பி சொன்னதே சரி. மீண்டும் அறிவிக்கிறோம். பொன்ராஜ் சொன்னது தப்பு."

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையோடு நிமிர்ந்தார்கள். "எந்தப் பொன்ராஜ்?" என்று யாரோ கத்த, "நான்தான்யா" என்று அதையும் மைக்கிலேயே சொன்னார். நான் நிறைய வாதம் செய்கிறவன், ஜெயிக்கிறவனும்கூட. தோற்றவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். அவர் முகத்தில் அது இல்லை. சாமி புறப்பாட்டை அறிவிப்பதற்கு எவ்வளவு மரியாதை கொடுப்பாரோ, தன்னுடைய தப்புக்கும் அவ்வளவு கொடுத்தார். அரைக் காட்டுக்குக் கேட்கும்படி ஒரு மனிதன் அப்படிச் சொல்வதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுநாள் இரண்டு பக்கமும் சமமான துண்டு வைத்து மூடினேன். அப்புறம் எனக்கு வெளியூரில் மில் வேலை கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பேன்.

"விழுந்தீங்களா அண்ணாச்சி?"

"இன்னைக்கு வர இல்ல."

"வண்டி எப்படிப் போகுது?"

"உன் கணக்குப்படி போகுது."

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் சாவுச் செய்தியை ஆட்டோவில் வேறொருவர் சொல்லிக்கொண்டு போனார். பெயரைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலுக்கு யாரும் தட்டைக் கீழே வைத்திருக்க மாட்டார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் கணக்கில் இரண்டாவது தடவை. வண்டி வாங்கிய பிறகு நடுவில் அவர் யாரையும் தூக்க விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மதினி சொன்னார்கள், "வண்டிய எபி ஓட்டட்டும். அவனுக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே. முன்னால இருந்த மாதிரி ஆக்கிக் குடு தம்பி."

அவர்கள் வீட்டு வாசலிலேயே ஃபோர்க்கைத் திறந்தேன். இடது பக்கம் நான் வைத்தது வைத்தபடி இருந்தது. வலது பக்க மூடியைத் திருகியதும் கூடுதலாக ஒரு துள்ளு துள்ளி வந்தது. என் பைப்புத் துண்டுக்கு மேலே இன்னொன்று இருந்தது. கத்தியால் வட்டமாக வெட்டிய டயர் ரப்பர், ஃபோர்க்குக்குள் இருக்கிற எண்ணெயைக் குடித்து உப்பிப்போய். விளிம்பில் செருப்புத் தைத்த ஊசித் துளைகள்.

கையில் வைத்துக்கொண்டு மதினியைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

"அந்தக் கொடை முடிஞ்ச வாரமே வெச்சிட்டாவ. பழைய செருப்புல வெட்டுனது. டிப்ளமாட்ட சொல்லிராத, அவன் ஏங்கிப் போயிருவான்னாவ."

"தப்புன்னு மைக்ல சொன்னாவளே மதினி?"

"நானும் கேட்டேன். 'தப்புதாம்ட்டி, ஆனா எனக்கு நேரா இருக்கு'ன்னாவ."

இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். யார் என்ன நினைத்தார்களோ.

கணக்குப்படி அந்த ரப்பரால் ஒரு பக்கம் மட்டும் உயராது. இரண்டு ஸ்பிரிங்கும் பங்கிட்டுக்கொள்ளும். எண்ணெய் படுகிற இடத்தில் டயர் ரப்பரை வைத்தது இன்னொரு தப்பு. உயிரோடு இருந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். இப்போதும் சொல்கிறேன்: அண்ணாச்சி, நீங்கள் சொன்னது தப்பு.

பைப்புத் துண்டுகளை எபியிடமே கொடுத்துவிட்டேன். ரப்பர் வட்டத்தைக் கேட்டு வாங்கி வந்து என் டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஸ்பானர் எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. கடைசிவரை அதை வைத்துத்தான் அவர் ஓட்டினார்.

விழவில்லை.