வலது ஸ்பீக்கரில் வாசித்தவர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள். நான் கதை கட்டவில்லை. என் காதால் கேட்டது.

ஒரு ஜாஸ் ஆல்பம். இரண்டு டெனர் சாக்ஸபோன். இரண்டுக்கும் ஒரே குரல் என்பதால், கேட்பவர் குழம்பாமல் இருக்கப் பிரித்து வைத்தோம். இடது ஸ்பீக்கரில் என் அக்கா புருஷன், வலதில் நான். எனக்கு அது முதல் ஆல்பம். "உன்னை உலகத்துக்கே காட்டுறேன் மச்சான்" என்றார் மாமா. நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன்.

பதிவு முடிந்த மறுநாள். மதியம் மூன்று மணி. ஸ்டுடியோவில் ஹெட்போன் மாட்டி, இடது பக்கத்தை அடைத்துவிட்டு, என் வாசிப்பை மட்டும் ஓட்டினேன்.

டக்... டக்... டக்...

பூட்ஸ் காலால் தாளம். நான் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பேன்!

பிறகு ஒரு மூச்சு. ஈரமான, நீண்ட மூச்சு. என்னுடையது இல்லை.

வாசிப்பு எழுந்தது. அடேயப்பா, அப்படி ஒரு வாசிப்பு! ஆனால் நான் வாசித்தது அதில் துளிகூட இல்லை.

அட பாவி மனுஷா! வேறு ஆளை வைத்து வாசிக்கச் சொல்லி, கூட இருந்தே குழி பறித்துவிட்டாரே! மாமாவை இழுத்து வந்து, அதை ஸ்பீக்கரில் ஓட்டிக் காட்டினேன்.

"யாரு இது? என் வாசிப்பு எங்க?"

அவர் முகம் வெளுத்தது.

"யாரும் வரலடா... ஸ்டுடியோ சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

வாசிப்பு முடிந்தது. மெல்ல, ஒரு ஆண் குரல்...

"இதையாவது அழிக்காத, அண்ணே."

மாமா பாய்ந்து நிறுத்தினார்.

"நான் மறுபடி வாசிக்கிறேன். இதை ஆல்பத்துல இருந்து எடுத்துடுங்க" என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்றே வாசித்துக் கொடுத்தேன்.

ஆல்பம் வந்தது. அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

அதே பூட்ஸ்... அதே மூச்சு.

கடைசியில் பேசிய குரலை மட்டும் மாமா வெட்டியிருந்தார். அட்டையில் என் பெயர்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"இது என் கொழுந்தன்டா."

நான் சிறுவனாக இருந்தபோதே செத்தவர்!

"இதே பாட்டுதான். ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சாங்க. தம்பி வாசிப்பு தூக்கலா இருந்துச்சு. உன் மாமாவுக்குப் பொறுக்கல. அதை அழிச்சுட்டு ரெண்டு பக்கமும் தானே வாசிச்சு வெளியிட்டாரு. அந்த வாரமே அவன் போய்ச் சேர்ந்துட்டான்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பவும் அவன் பேரைப் போடலையேடா..."

அப்போதுதான் கவனித்தேன். இடது ஸ்பீக்கர் ஊமையாகியிருந்தது.

போன் அடித்தது. ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவர்.

"உங்க மாமா வாசிப்பு காணோம்... இதுல மட்டும் இல்ல. அவர் இதுவரைக்கும் வாசிச்ச எந்த ஆல்பத்துலயும் இல்ல."