இரண்டு பிப்பிட்டும் ஒரு "இல்ல சார்"உம்

பறவை பார்க்க வருகிறவர்களை வேனில் கூட்டிப்போய்க் காட்டுவது என் தொழில். மர்பி டவுனில் இருட்டோடு கிளம்பினால் விடியும்போது ஊருக்கு வெளியே ஹெசரகட்டா புல்வெளியில் நிற்போம். நான் தனியாகக் கைடாகப் போன முதல் நாளே வம்பில் மாட்டினேன்.

கஸ்டமர் சுந்தரம் சார், கோயம்புத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். ரிச்சர்ட் பிப்பிட் பார்க்கவே வந்திருந்தார். மதியம் அவருக்கு ரயில். அந்தப் பறவை குளிர்காலத்தில் மட்டும் வரும். அதன் பங்காளி பேடிஃபீல்ட் பிப்பிட் வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கும். இரண்டும் குருவி மாதிரி பழுப்பு, இரண்டும் தரையில்தான் ஓடித் திரியும். ரிச்சர்ட் கொஞ்சம் பெரிசு, வால் நீளம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். தூரத்தில் யாருக்கும் குழப்பம்தான்.

புல்லில் ஒன்று ஓடியது. சார் பைனாகுலரை இறக்காமலே "இதுதானேம்மா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

வேன் ஓனர் பாபு அண்ணன் என் காதருகே வந்தார். "ரெண்டும் ஒண்ணுதானே ஸ்டெல்லா, சும்னே, சும்மாவாச்சும் ஆமான்னு சொல்லிடு." கஸ்டமர் முகம் சுருங்கினால் நாளையிலிருந்து வேறு கைடு என்று அவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஆனால் பறவை சின்னது, வால் குட்டை. எழும்பும்போது மெல்ல 'சிப் சிப்' என்றது.

"இல்ல சார். இது பேடிஃபீல்ட்."

சார் பைனாகுலரை இறக்கினார். பாபு அண்ணன் பல்லைக் கடித்தார். வெயில் ஏற ஏற, சார் ஆசையாக இன்னும் இரண்டைக் காட்டினார். இரண்டுக்கும் இல்லை என்றேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. என்ன செய்ய, இல்லாததை இருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பலாம் என்று வேன் கதவைத் திறந்தபோது 'ஷ்ரீப்' என்று கரகரப்பாக ஒரு குரல். பெரிய பறவை ஒன்று புல்லுக்கு மேலே சிறகடித்தபடி ஒரு கணம் நின்று, பிறகு இறங்கி நிமிர்ந்து நின்றது. சார் பறவையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார். இதுதான்."

அதற்குப் பிறகுதான் பைனாகுலரைத் தூக்கினார். போகும்போது பாபு அண்ணனிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு அத்தனை தடவ இல்லன்னு சொல்லுச்சு. அதனாலதான் அது ஆமான்னு சொன்னத நான் நம்புறேன்."

அடுத்த மாதமே பாபு அண்ணன் வேன் கண்ணாடியில் என் பெயரை ஒட்டினார். இன்றுவரை கோயம்புத்தூரில் இருந்து வருகிறவர்கள் ஸ்டெல்லா இருந்தால்தான் வேன் ஏறுகிறார்கள். பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களே, பறவைப் பெயர்களை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம். முதலில் "இல்ல சார்" சொல்லிப் பழகுங்கள்.